புதிய தொழிலும் வாட்ஸ்அப் வதந்தியும்

கல்வராயன் மலைத் தேனையும் சாமையையும் பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கும் நம் கள்ளக்குறிச்சி இளைஞர்கள் விளம்பரத்துக்கு முன் வதந்திக்கான பதிலைத் தயார் செய்யட்டும் என்போம்.

பி.சி. முஸ்தஃபாவும் உறவுச் சகோதரர்களும் 2005-ல் பெங்களூரில் தொடங்கியது ‘ஐடி ஃப்ரெஷ் ஃபுட்’. அதன் இட்லி மாவில் மாட்டெலும்பு கலக்கிறார்கள், முஸ்லிம்களுக்கு மட்டுமே அங்கு வேலை என்று 2021 செப்டம்பரில் வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். நிறுவனம் மௌனமாக இருக்கவில்லை. அரிசி, உளுந்து, வெந்தயம், தண்ணீர் மட்டுமே சேர்க்கிறோம், விலங்குப் பொருள் எதுவுமில்லை என்று உடனே அறிக்கை வெளியிட்டது. மதச் சண்டைக்கு இழுத்தவர்களுக்கு மாவின் சேர்மானத்தைச் சொன்னது சரியான பதில் என்றே நாம் கருதுகிறோம். வாங்கும் குடும்பத்தின் சந்தேகமும் அதுதானே!

நம்மூர்த் தேனுக்கும் இது வரும். குளிரில் தேன் உறைந்தால் ‘சர்க்கரைப் பாகு’ என்பார்கள். தேனிலுள்ள குளுக்கோஸ்தான் உறைகிறது, சுத்தமான தேனும் உறையும் என்பதைப் பாட்டிலிலேயே அச்சிடுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண், பரிசோதனை அறிக்கை கைவசம் இருக்கட்டும். வதந்தி வாட்ஸ்அப்பில் வந்தால் பதிலும் அதிலேயே, தமிழில், அன்றைக்கே போகவேண்டும். சங்கராபுரம் கடைத்தெருவில் ஆங்கில அறிக்கையை யார் படிப்பார்கள்?