நெட்டையில் ஒளிந்த குட்டை

நாம் உண்ணும் சோற்றின் வரலாற்றில் பட்டாணிச் செடிக்கும் ஓர் இடம் உண்டு என்றால் வியப்பாக இருக்கலாம். ஆயினும் அது மெய்யே.

ஆஸ்திரியப் பேரரசின் புருண் நகர மடத்தில் வாழ்ந்த துறவி கிரிகோர் மெண்டல், 1856 முதல் தோட்டத்தில் பட்டாணியை வளர்த்து ஆராய்ந்தார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறை முழுவதும் நெட்டையே. குட்டைக் குணம் அழிந்ததென்று பிறர் முடிவு கட்டியிருப்பர். மெண்டலோ அச்செடிகளின் விதைகளை மீண்டும் விதைத்தார். 787 நெட்டை, 277 குட்டை! ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குட்டை திரும்பி வந்தது. வெளிப்படுவதை ஓங்கு பண்பு என்றும், மறைந்து நிற்பதை ஒடுங்கு பண்பு என்றும் வழங்குகிறோம். 1866இல் அச்சேறிய அவ்வாராய்ச்சியின் அருமையை 1900இல்தான் உலகம் உணர்ந்தது. மெண்டல் 1884இலேயே மறைந்துவிட்டார்.

பின்னர் அவ்விதி நெல்வயலுக்கும் வந்தது. நம் பழைய நெல்வகைகள் பல உயரமானவை. உரம் மிகுந்தால் கதிர்ப்பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். 1962இல் பிலிப்பைன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் ஜென்னிங்ஸ் என்பார், நெட்டையான 'பேட்டா' நெல்லையும் தைவானின் குட்டை நெல்லாகிய 'டீ-ஜியோ-ஊ-ஜென்'னையும் கலந்தார். பேட்டாவின் பெற்றோருள் ஒன்று இந்தியாவின் 'லதிசாயில்'. ஆகவே இவ்வரலாற்றில் நம் நாட்டிற்கும் பங்குண்டு.

முதல் தலைமுறைப் பயிர் யாவும் நெட்டையாயின. அடுத்த தலைமுறையில் கால் பங்கு குட்டையாக எழுந்தது. அவற்றினின்று தெரிந்தெடுத்துப் பெருக்கியதே 1966இல் வெளியான ஐ.ஆர்.8. தண்டு குட்டையாகவும் உறுதியாகவும் இருந்தமையால், உரத்தை ஏற்றும் சாயாது நின்று மிகுந்த விளைச்சல் தந்தது. ஆறிய சோறு விறைத்துப்போகும் என்ற குறையும் அதற்கு உண்டு.

இதன் காரணம் 2002இல் தெளிவாயிற்று. தண்டை நீளச்செய்யும் ஊக்கியைப் போதிய அளவில் ஆக்க முடியாதபடி பழுதுற்ற ஒரு மரபணுவே குட்டைக்குக் காரணம். இணை மரபணு இரண்டனுள் ஒன்று நன்றாயிருப்பினும் பயிர் நெட்டையாகிவிடும். இரண்டும் பழுதானால்தான் குட்டை.

விதைக்குள் ஒடுங்கிய குணம், எவரும் போற்றாவிடினும் ஒரு தலைமுறை கடந்து வெளிப்படலாம். மொழிக்கு அப்பேறு இல்லை. வேற்றூரில் வாழும் நாம் நம் மக்களுக்குத் தமிழைக் கற்பியாதுவிட்டால், அது பேரரிடம் தானே முளைத்தெழாது. விதையை இயற்கை காக்கும். மொழியை நாமே காத்தல் வேண்டும்.