மாடிப்படியும் விடுதலையும்

தமிழகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கதை படிக்கின்றனர். அதனை எண்ணி வருந்துவது ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் கையில் உள்ள நல்லதொரு நூலை நாமும் உடனிருந்து படித்து, அதிலுள்ள வரலாற்றை விளக்கிக் கூறுவது பெற்றோராகிய நம் கடமை. அக்கருத்துடன், இளைஞர்க்கென எழுதப்பெற்ற ஒரு வரலாற்று நாவலை இம்மலரில் ஆராயப் புகுகின்றோம்.

அந்நூலின் பெயர் 'கிளைம்பிங் தி ஸ்டேர்ஸ்'. 'படியேறுதல்' என்று தமிழில் கூறலாம். சென்னையில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பத்மா வெங்கட்ராமன் எழுதியது. 2008-ஆம் ஆண்டு வெளிவந்தது. கதை 1941-இல் பம்பாயில் தொடங்குகிறது. தலைவி வித்யா பதினைந்து வயதுப் பெண். கல்லூரியில் படிக்க வேண்டும் என்பது அவள் கனவு. தந்தையார் மருத்துவர், அறவழி விடுதலைப் போரில் மறைவாகப் பங்குகொண்டவர். ஓர் ஊர்வலத்தில் போலீசாரின் தடியடியால் தலையில் காயமுற்று அறிவு மங்கிப்போகிறார். குடும்பம் சென்னையிலுள்ள பாட்டனார் வீட்டை அடைகிறது. அக்கூட்டுக் குடும்பத்தில் ஆண்கள் மாடியிலும் பெண்கள் கீழும் வாழ்கின்றனர். நூலகமோ மாடியில் இருக்கிறது. அங்குச் சென்று படிக்க வித்யா பாட்டனாரிடம் அனுமதி கேட்கிறாள். நூலின் பெயருக்குப் பொருள் இங்கே விளங்குகிறது.

இக்கதை நிகழும் காலம் எத்தகையது? 1939 செப்டம்பரில் இந்தியத் தலைவர் எவரையும் கலவாமலே, இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரி சபைகள் பதவி துறந்தன. 1940 அக்டோபர் 17-ஆம் நாள் வினோபா பாவே முதல்வராகத் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது. மறுபுறம், போரின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 லட்சமாக இருந்த இந்தியப் படை, 1945-இல் 25 லட்சமாகப் பெருகிற்று. ஒரே நாட்டில் ஒருவர் போரை எதிர்த்துச் சிறை சென்றார். மற்றொருவர் போர்முனைக்குச் சென்றார். பல வீடுகளில் இவ்விருவரும் உடன்பிறந்தவராகவே இருந்திருத்தல் கூடும்.

நாவலிலும் அதுவே நிகழ்கிறது. வித்யாவின் தமையன் கிட்டா, இட்லரை எதிர்க்க வேண்டும் என்று கருதி ஆங்கிலேயரின் படையில் சேர்கிறான். தந்தையைச் சிதைத்த அரசின் சீருடையை மகன் அணிவதா என்று குடும்பம் துடிக்கிறது. யார் பக்கம் நியாயம்? நாட்டின் தலைவர்களே இவ்வினாவில் ஒரு மனத்தினராக இல்லை என்பதை நாம் மறத்தலாகாது. காந்தியடிகள் போரைத் தவிர்க்குமாறு 1939 ஜூலையில் இட்லருக்கே கடிதம் எழுதினார்; அரசாங்கம் அதனைச் செல்ல விடவில்லை. இராஜாஜியோ, 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' கொள்கையை ஏற்காமல் காங்கிரசை விட்டு விலகினார். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-இல் வீழ்ந்த பின், சிறைப்பட்ட இந்திய வீரர் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். பின்னர் நேதாஜியின் தலைமையில் அப்படை வளர்ந்தபோது மலேயாத் தமிழர் திரளாகச் சேர்ந்தனர். மூன்று வழிகள், மூன்றிலும் நாட்டுப்பற்று உடையோர் இருந்தனர். ஆகவே கிட்டாவைத் துரோகி என்றோ தியாகி என்றோ ஒரு சொல்லில் முடித்துவிட இயலாது. இளைஞர்க்கு இந்நூல் தரும் முதற்பாடம் இதுவே.

கதையையும் வரலாற்றையும் ஒப்பிட்டுப் படிக்கவும் பழக்குதல் வேண்டும். 1941-இல் காந்தியடிகள் பெருந்திரள் கிளர்ச்சியை விரும்பவில்லை. தேர்ந்தெடுத்த தொண்டர்கள் தனித்தனியே போரை எதிர்த்துப் பேசிச் சிறை செல்வதே அன்றைய முறை. பம்பாய் கோவாலியா மைதானத்தில் 1942 ஆகஸ்ட் 8-ஆம் நாள் நிறைவேறிய தீர்மானத்துக்குப் பின்னரே நாடெங்கும் மக்கள் வெள்ளம் பொங்கியது. அவ்வாறாயின் நாவலில் வரும் ஊர்வலம் எத்தகையது என்று மாணவர் வினவினால், அவ்வினாவே நூலின் வெற்றி. வினா எழுப்பும் பிள்ளை வரலாற்றைத் தானே தேடிப் படிப்பான்.

நூலின் உயிரான பகுதி மற்றொன்று உண்டு. பம்பாயில் ஓரளவு உரிமையோடு வளர்ந்த பெண், சொந்த ஊருக்கு வந்ததும் அவ்வுரிமையை இழக்கிறாள். அவள் கேட்டதோ பெரிதன்று. சென்னையில் பெண்களுக்கென இராணி மேரி கல்லூரி தொடங்கியது 1914-இல். குழந்தை மணத் தடைச் சட்டம் நிறைவேறியது 1929-இல். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939-இல். நாட்டில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த காலத்திலும் வீட்டின் மாடிக் கதவு மூடியே இருந்தது. அன்னியரிடம் விடுதலை கேட்ட நாம், நம் வீட்டுப் பெண்களுக்கு அதனை எந்த அளவு வழங்கினோம் என்று இக்கதை அமைதியாகக் கேட்கிறது.

இவ்வினா நமக்கு நேரே உரியது. ஊரை விட்டு வந்த நாம் மொழியைக் கொண்டுவந்தோம், விழாக்களைக் கொண்டுவந்தோம், சங்கம் அமைத்தோம். அவற்றோடு பழைய மாடிப்படியையும் சுமந்து வந்தோமா? நம் சங்கக் கூட்டங்களில் மேடையில் அமர்வோர் யார், அடுக்களையில் நிற்போர் யார் என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அதனைச் சொல்ல எமக்கே சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

1947 ஆகஸ்ட் 15-இல் நாடு பெற்ற விடுதலையை நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம், அது தக்கதே. போரில் மாண்ட 87,000 இந்திய வீரரையும், சிறையில் வாடிய தொண்டரையும் அன்று ஒருங்கே நினைப்போமாக. அதனுடன், நம் இளைஞரும் இளநங்கையரும் இந்நூலைத் தேடிப் படித்து, அடுத்த ஆண்டு விழாவில் இதுபற்றித் தமிழில் ஒரு பட்டிமன்றம் நடத்துதல் வேண்டும் என்பது எம் விருப்பம். அப்பட்டிமன்றத்தின் தலைமை இருக்கையில் ஒரு வித்யா அமர்ந்திருப்பாளாயின், எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.