பெப் 430: பழைய சுட்டிகளுக்காக எழுதப்பட்ட ஒரு முன்மொழிவு

பைத்தான் நிரல்மொழியை மாற்ற விரும்புவோர் 2000ஆம் ஆண்டு முதல் எண்ணிட்ட முன்மொழிவுகளாகவே தம் கருத்தை எழுதிவருகின்றனர். பெப் எனப்படும் அவ்வரிசையில் 2012இல் நிக் காக்லன் எழுதிய 430ஆம் எண் ஆவணம் சற்று விசித்திரமானது. அதில் புதிய கட்டளை ஏதும் இல்லை; தொடரியல் மாற்றமும் இல்லை. பிறர் எழுதிவைத்த சுட்டிகள் முறியாமல் காப்பதே அதன் முதன்மைக் கவலை.

பைத்தான் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பரில். நான்காண்டு கழிந்தும் ஆவணத் தளத்தின் முகப்பு இரண்டாம் பதிப்பையே காட்டிவந்தது. முகப்பை மாற்றுவது எளிது. ஆனால் நூல்களும் பாடக்குறிப்புகளும் பிற திட்டங்களின் ஆவணங்களும் பதிப்பெண் இல்லாத முகவரிகளை நம்பி எழுதப்பட்டிருந்தன. அவை யாவும் இரண்டாம் பதிப்பை மனத்தில் கொண்டவை.

அவற்றை அப்படியே மூன்றுக்குத் திருப்பினால் இருவகைக் கேடு நேரும். 'யுஆர்எல்லிப்2' என்னும் கூறு மூன்றாம் பதிப்பில் அப்பெயரில் இல்லை. சுட்டி வெறுமையில் முடியும். இதையாவது வாசகர் உடனே உணர்வார். மற்றது நுட்பமானது. 'எஸ்டிஆர்' என்னும் சரவகை இரண்டிலும் உண்டு, பொருள்தான் வேறு. யுடிஎஃப்-8இல் எழுதிய 'அ' என்ற ஒற்றை எழுத்தின் நீளத்தைக் கேட்டால் பழைய பதிப்பு பைட்டுகளை எண்ணி 3 என்னும்; புதியது 1 என்னும். பக்கம் திறக்கும், ஆனால் வேறொரு மொழியைப் பற்றிப் பேசும். குறி நிலைத்திருக்கக் குறிப்பொருள் மாறிய நிலை என மொழியியலார் இதைச் சொல்லலாம். முறிந்த சுட்டியைவிட இதுவே ஆபத்தானது.

தீர்வு எளிமையாக அமைந்தது. முகப்பு மட்டும் மூன்றுக்குச் செல்லும். பதிப்பெண் இல்லாத உட்பக்க முகவரிகள் அப்போது இரண்டுக்கே திருப்பப்பட்டன. இனி எழுதப்படும் முகவரிகள் எண்ணைத் தாங்கிவரும். எந்தப் பதிப்பு என்று சொல்லாத மேற்கோளை ஏற்காத சுவடிப் பதிப்பாசிரியர்களுக்கு இந்த விதி புதிதன்று.

பெப் ஆவணங்களே 2022இல் இடம்பெயர்ந்தபோது பழைய முகவரிகளுக்கு வழிமாற்று அமைக்கப்பட்டது. ஆவணத்துக்குள் ஆசிரியர் முழு முகவரியை எழுதாமல் முன்மொழிவின் எண்ணை மட்டும் குறித்த இடங்களில் அந்தத் தொல்லைகூட இல்லை. எண்ணிலிருந்து முகவரியைக் கருவியே ஆக்கிக்கொள்ளும். நடைமுறைக்கு வந்துவிட்ட சில முன்மொழிவுகளின் தலைப்பில், இது வரலாற்று ஆவணம், இன்றைய விளக்கம் வேறிடத்தில் உள்ளது என்ற அறிவிப்பும் சுட்டியும் இப்போது காணப்படுகின்றன. பழைய வாதம் திருத்தப்படாமல் அப்படியே நிற்கிறது.

வழிமாற்று என்பது ஒருமுறை செய்து மறந்துவிடும் வேலையன்று. வழங்கி மாறும்போதெல்லாம் யாரோ ஒருவர் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. அதன் ஆவணங்கள் நீக்கப்படவில்லை. 'யுஆர்எல்லிப்2' பக்கம் இன்றும் திறக்கிறது.