வேதாளம் வாத்தியார் ஆன கதை

என் மகளுக்கு ஒன்பது வயசு, வளர்வது பெங்களூரில். தமிழில் பேசினால் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். ஊரிலிருந்து அம்மா போன் பண்ணினால் "சாப்டியா", "சாப்டேன்" என்பதைத் தாண்டி ரெண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. பேய்க்கதை என்றால் மட்டும் கிட்ட வந்து உட்காருவாள் என்பதால் வேதாளத்தை வைத்து ஒரு விளையாட்டு கட்டலாம் என்று இறங்கினேன். அதற்காகப் படிக்கப் போனதில்தான் எனக்கு முன்னாடியே இதைச் செய்தவர்கள் இருப்பது தெரிந்தது.

1800-ல் வெல்லெஸ்லி கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கினார். பதினாறு, பதினேழு வயதில் கம்பெனி வேலைக்குக் கப்பலேறி வந்த பையன்களுக்கு இந்நாட்டு மொழிகளைக் கற்பிக்கத்தான். சட்டப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எந்தப் பையன் படிப்பான்? இந்துஸ்தானி பாடத்துக்கு அங்கே தயாரான புத்தகங்களில் ஒன்று 'பைதால் பச்சீசி', வேதாளத்தின் 25 கதைகள். பிரஜ் மொழியில் இருந்ததை மஸ்ஹர் அலி கான் விலாவும் லல்லு லாலும் இந்துஸ்தானியாக்கினார்கள், 1805-ல் அச்சானது. அதே கல்லூரிக்காக வித்யாசாகர் அதை வங்காளத்தில் எழுதி 1847-ல் வெளியிட்டார். வங்க உரைநடை வரலாற்றில் பெரிய இடம் பெற்ற புத்தகம், பிறந்தது பாடநூலாக!

என்னை அசத்தியது 1855-ல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டில் வந்த பார்க்கர் பதிப்பு. மேலே நாகரி எழுத்தில் ஒரு சொல், அதற்கு நேர் கீழே அதே சொல் உருது எழுத்தில், அதற்கும் கீழே சொல்லுக்குச் சொல் ஆங்கிலம். பக்கத்தின் அடியில் சரளமான மொழிபெயர்ப்பு. இன்றைக்கு மொழி கற்பிக்கும் செயலிகளில் சொல்லைத் தொட்டால் பொருள் வருகிறதே, அதை ஈய எழுத்துக் கோத்து செய்திருக்கிறார்கள்.

நம்ம பக்கமும் உண்டு. மதராஸில் கம்பெனி வேலை பார்த்த பெஞ்சமின் பாபிங்டன், பெஸ்கியின் பரமார்த்த குரு கதையைத் தமிழ் மூலம், மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல் எல்லாம் சேர்த்து 1822-ல் லண்டனில் அச்சிட்டார். தமிழ் வேதாளக் கதையின் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு 1831-ல் வந்தது. (மனிதர் டாக்டராகி, தொண்டைக்குள் பார்க்க ஒரு கண்ணாடிக் கருவியும் செய்தார். அது தனிக் கதை.) ஒன்று கவனியுங்கள்: சமஸ்கிருதத்தில் வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில், தமிழுக்கு வந்ததும் முருங்கை ஏறிவிட்டது.

இந்தக் கதை ஏன் மொழிப் பாடத்துக்குப் பொருந்தியது? ஒவ்வொரு கதையும் சின்னது. தொடக்கமும் முடிவும் ஒரே வாக்கியங்களில் சுழல்வதால் மனசில் படிந்துவிடும். முடிவில் ஒரு கேள்வி. செத்துப்போன பெண்ணுக்கு மூன்று பேர்: சாம்பலில் படுத்துக் கிடந்தவன், எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோனவன், மந்திரம் கற்று உயிர் கொடுத்தவன். யார் புருஷன்? உயிர் கொடுத்தவன் அப்பா, எலும்பு கரைத்தவன் மகன், சாம்பலில் கிடந்தவனே புருஷன் என்கிறான் ராஜா. பெயரை மட்டும் சொன்னால் போதாது. "ஏன்னா" என்று ஆரம்பித்துக் காரணம் சொல்லியாக வேண்டும்.

ஆக, எங்கள் ஆட்டம்: விளக்கு அணைத்த ஹாலில் அவள் விக்கிரமாதித்தன், தோளில் பிணமாக ஒரு தலையணை. பின்னாலேயே நடந்து கதை சொல்லும் வேதாளம் நான். பதிலைத் தமிழில் சொன்னால் தலையணை திரும்ப பீரோ மேல் ஏறிவிடும். தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும்.

மூன்றாம் நாளே பிழையைப் பிடித்துவிட்டாள். "ஐ டோன்ட் நோ" என்று சொல்லிவிட்டு, தலையணையோடு நேராகப் படுக்கையறைக்குப் போய் ஜெயித்துவிட்டாள்! மூலக்கதையும் அப்படித்தானே: கடைசிப் புதிரில் ராஜாவுக்கு விடை தெரியவில்லை, அந்த மௌனத்தால்தான் வேதாளம் வசப்படுகிறது. பேசுபவன் தோற்கும் ஆட்டத்தை வைத்துப் பேசக் கற்றுக்கொடுக்கப் பார்த்திருக்கிறேன். இருபது வருஷமா புரோகிராம் எழுதுகிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? கல்லூரிப் பையன்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களைத் தேர்வு துரத்தியது.

அப்புறம்தான் உறைத்தது: 25 கதையிலும் அதிகம் பேசுவது வேதாளம். வேடத்தை மாற்றினேன். இப்போது அவள் வேதாளம். கதையைத் தமிழில் சொல்லி என்னை மடக்க வேண்டும். முதல் நாள் நாலு வாக்கியம், அதில் பாதி ஆங்கிலம். போன ஞாயிறு பாட்டிக்குப் போன் போட்டு, "முருங்கை மரத்துல பேய் இருக்குமா பாட்டி? உங்க வீட்டு மரத்துல?" என்று கேட்டாள். இருபது நிமிஷம் போனது அந்தப் பேச்சு.

ஆறாவது கதை ஓடுகிறது. தலையணை போதவில்லையாம், வேதாளம் இப்போது நேராக என் முதுகில்தான் ஏறுகிறது.