தினைப்புனத்தில் தோற்கும் ஆண்

மலேசியாவில் இரண்டு ரயில் பாதைகள் பிரியும் கெமாஸைச் சுற்றிய ரப்பர் தோட்டங்களின் தமிழர்கள் கொண்டுவந்த நாடக மரபில் காதலுக்கு இலக்கணம் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) வள்ளி திருமணம். பக்தி நாடகம் என்பார்கள். அடிப்படையில் அது நகைச்சுவைதான். மோகம் தலைக்கேறி அசடு வழிபவன் ஆண், அதுவும் கடவுளான முருகன். வேடனாக வந்து மானைத் தேடுகிறான், கிழவனாகித் தினைமாவு தொண்டையில் அடைத்து விக்குகிறான். தினைப்புனம் காக்கக் கையில் கவணோடு பரண்மேல் நிற்கும் வள்ளியோ ஒவ்வொரு கேள்வியையும் திருப்பி அடிக்கிறாள்.

கடைசியில் யானைக்குப் பயந்து அவனிடமே ஓடுகிறாளே, பிறகு அவளுக்கென்ன சுதந்திரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் யானை வந்துபோவது சில நிமிடம். விடிய விடிய நடப்பது தர்க்கம், கூட்டம் காத்திருப்பதும் அதற்குத்தான். ‘ஸ்திரீ பார்ட்’ எனும் பெண் வேடம் போட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தானே என்பது இன்னும் வலுவான மறுப்பு. இருந்தாலும் 1920களில் பாடகி, நடிகை கே. பி. சுந்தராம்பாள் வள்ளியாக மேடையேறியபோது எதிரே முருகனாக நின்ற புகழ்பெற்ற பாடகர் கிட்டப்பாவுக்கே அவர் ஈடுகொடுத்தார். அதே பத்தாண்டின் இறுதியில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நாட்கூலி வகுத்திருந்தார்கள். பால்மரம் வெட்டியவளுக்கு அந்தத் தர்க்கம் வெறும் பாட்டாகவா கேட்டிருக்கும்?