ஆஸ்திரேலியாவின் முதற்குடிகள்

ஆஸ்திரேலியாக் கண்டத்தில் ஆங்கிலேயர் 1788-ஆம் ஆண்டிற் குடியேறினர். அந்நிலத்திற்கு உடையார் ஒருவரும் இலர் என்பது அவர்தம் சட்டநூலார் கொண்ட துணிபு. ஆயின், 250-க்கு மேற்பட்ட மொழிகள் வழங்கிய பல்வேறு குடிமக்கள் அங்கே முன்னரே வாழ்ந்திருந்தனர். அவர்தம் முன்னோர் ஏறக்குறைய 50,000 ஆண்டுகட்கு முன்னரே கடல் கடந்து வந்து சேர்ந்தவராவர்.

நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் முங்கோ என்பது நெடுங்காலமாக வற்றிக் கிடக்கும் ஓர் ஏரி. அதன் மணற்கரையில் 1968-ஆம் ஆண்டில் நிலநூல் வல்லாராகிய ஜிம் பௌலர் என்பார் ஒரு பெண்ணின் எரிந்த என்புகளைக் கண்டனர். உற்றார் அவளுடலை எரியூட்டி, எஞ்சிய என்புகளை நொறுக்கி, மீட்டும் எரித்துப் புதைத்திருந்தனர். அவள் வாழ்ந்தது ஏறத்தாழ 40,000 ஆண்டுகட்கு முன்னர். உலகில் இதுகாறும் அறியப்பட்ட ஈமத்தீக்களுள் இதுவே மிகப் பழையது என்ப. 1974-ஆம் ஆண்டில் அதனயலே, செங்காவிப்பொடி தூவி அடக்கஞ்செய்யப்பெற்ற ஆடவன் ஒருவனுடைய என்புகளும் வெளிப்பட்டன. இறந்தாரை இத்துணை அன்போடு ஓம்பிய மக்களுக்குத் தாம் வாழும் நிலம் தமதென்னும் உணர்ச்சி இல்லை என்றல் எங்ஙனம் பொருந்தும்?

ஆராய்ச்சிக்கெனக் கொண்டுபோகப்பட்ட அப்பெண்ணின் என்புகள் 1992-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நிலத்துக் குடிகளிடமே ஒப்புவிக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூன் 3-ஆம் நாள், அந்நாட்டு உயர்நீதி மன்றம் 'உடையாரில்லா நிலம்' என்னுங் கொள்கையைத் தள்ளித் தீர்ப்பளித்தது. 1982 முதல் அவ்வழக்கை நடத்திய டாரஸ் நீரிணைத் தீவினராகிய எடி மாபோ என்பார், தீர்ப்பிற்கு நான்கு திங்களுக்கு மேலாகவே முன்னர்க் காலமாயினர்.