வராதிருந்தோர் வந்த நாள்

காஞ்சிக்கு வருவோருக்கு எடுத்துக்காட்ட இந்நகரில் எப்போதும் இரண்டு உண்டு. ஒன்று கோபுரம், மற்றொன்று பட்டு. வந்தவர் வரலாற்றில் நாட்டமுடையவர் என்று தெரிந்துவிட்டால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வர். தெற்கே உத்திரமேரூருக்கு அழைத்துச் சென்று, வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ள எழுத்துகளைச் சுட்டிக்காட்டி, "தேர்தல் என்பதை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவரே நாம்தாம்" என்று பெருமிதம் பொங்கக் கூறுவர். நாமும் சென்றோம், சுவரையும் கண்டோம், பெருமிதத்தையும் கேட்டோம். கல்வெட்டு என்ன சொல்கிறது என்பதையும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றிற்று.

முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு அது, கி.பி. 921ஐ ஒட்டியது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையோர் பெயரை ஓலை நறுக்கில் எழுதிக் குடத்தில் இட்டனர். ஏதுமறியாச் சிறுவன் ஒருவனை அழைத்து எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பொறுப்புகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் அப்பக்கம் தலைகாட்டக் கூடாது என்றும் விதித்தனர். இந்த விதியை நாம் மனமாரப் போற்றுகிறோம். இன்றைக்கும் பொருத்தமானது என்று ஒப்புகிறோம். ஆனால் குடத்துக்குள் விழும் தகுதி எவருக்கு இருந்தது? கால் வேலி நிலமாவது வேண்டும். அது வரி செலுத்தும் நிலமாக இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். எல்லாவற்றுக்கும் மேலாக, மறை ஓதியிருத்தல் வேண்டும்! நிலத்தில் கொஞ்சம் குறைந்தாலும் மறையில் மிகுந்திருந்தால் இடம் உண்டு. ஏரியை வெட்டியவன், தோட்டத்துக்கு நீர் இறைத்தவன், அவ்வூரில் தறி நெய்தவன் இருந்திருப்பின் அவன், இவர்களுக்கெல்லாம் ஓலையும் இல்லை, குடமும் இல்லை. பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதுவும் தேர்ந்தெடுப்பதன்று, திருவுளச்சீட்டு!

பழைமையைப் பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. தேர்தலின் வரலாறு என்பது வாக்கைக் குடத்திலிட்டார்களா, பெட்டியிலிட்டார்களா என்ற வரலாறன்று. வாக்களிக்க எவர் வந்தார், எவர் வாசலிலேயே நின்றார் என்ற வரலாறே என்பதை நினைவிற் கொள்வதற்காகவே கூறினோம். காஞ்சியில் நடந்த ஒரு தேர்தலை அந்தக் கண்ணோடு பார்க்க விரும்புகிறோம். 1957ல் அண்ணாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியதும், 1962ல் அதே அண்ணாவை வேண்டாம் என்று திருப்பியதும் இந்தக் காஞ்சிதான். மக்கள் மனம் மாறிற்று என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவர் பலர். அவ்வளவு எளிதாக முடிந்துவிடுகிற கதையா அது?

வாக்குரிமை வந்த வழியை முதலில் பார்ப்போம். 1920ல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, சொத்தும் வரியுமே வாக்காளனை அடையாளம் காட்டின. ஆயிரம் ஆண்டுகள் உருண்டோடியும், கால் வேலி போய்க் கந்தாயம் வந்தது, அவ்வளவே. 1921ல் இந்த மாகாணம் பெண்களுக்கும் வாக்குரிமை என்று தீர்மானித்தது. இந்திய மாகாணங்களில் முதன்மையாக அதைச் செய்தது என்ற சிறப்பு நமக்குண்டு. எனினும் அந்தப் பெண்ணும் சொத்துடைய பெண்ணே. 1937ல் வாயில் சற்று அகன்றது. அப்போதும் ஏழை உள்ளே வரவில்லை. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்பது 1952 தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது.

வாக்குரிமை வந்தது, வாக்காளர் வந்தனரா? முதற் பட்டியலை எழுதும்போதே, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் கூறித் தம் பெயரைக் கூற மறுத்த ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள், பெரும்பாலும் வடபுலத்தினர், பட்டியலில் இடம்பெறாமற் போயினர். பெயரைச் சொல்லியிருந்தால் வாக்கு. கணவன் பெயரைச் சொல்லியதால் வாக்கில்லை!

இனிக் காஞ்சியின் தறி வீட்டுக்குள் நுழைவோம். கோர்வைப் பட்டு என்பது உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் ஊடையிலேயே கோக்கப்பட்டது. நாடா மூன்று, ஆள் இருவர். நெய்பவர் குழித்தறியில் அமர்ந்திருக்க, கரைப்பக்கத்து நாடாவை வாங்கிக் கொடுக்க மற்றொருவர் அருகில் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அந்த மற்றொருவர் வீட்டுச் சிறுவன், அல்லது மனைவி. ஒருவர் எழுந்து சென்றால் இருவர் வேலையும் நிற்கும். நெய்த சேலைக்குத்தான் கூலி. எழுந்து நடந்த நேரத்துக்குக் கூலி தருவார் எவருமில்லை. பாவும் சரிகையும் கொடுத்தவரிடம் முன்பணம் வாங்கியிருப்பதும் வழக்கம். இந்நிலையில் உள்ளவன் தறியை நிறுத்திவிட்டுச் சாவடிக்குப் போய் வரிசையில் நிற்கிறான் என்றால், அவன் செலவழிப்பது காலையல்ல, கஞ்சியை என்பதை உணர வேண்டும். வாக்களிக்க வராதவனைச் சோம்பேறி என்று ஏசுவோர், ஒரு நாள் அந்தக் குழியில் கால் வைத்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

அவனை எழுந்து நடக்கச் செய்வதற்கு ஒரு காரணம் வேண்டும். 1953 சனவரியில் கைத்தறி தேங்கிக் கிடந்தபோது, கழகத்தார் துணி மூட்டைகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர்; அண்ணா திருச்சித் தெருக்களில் விற்றார். அதனால் தேக்கம் தீர்ந்துவிட்டது என்று நாம் கூறமாட்டோம். தன் துணியைத் தலைவன் சுமந்து வந்தான் என்பதைத் தறிக்காரன் கண்டான்; அவ்வளவு போதும். காஞ்சியிலோ அண்ணா நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. 1909ல் அங்கேயே பிறந்தவர். நகராட்சி அலுவலகத்தில் சில காலம் எழுத்தராகவும் இருந்தவர். 1942ல் 'திராவிட நாடு' ஏட்டை அங்கிருந்தே நடத்தத் தொடங்கியவர்.

கழகம் 1952ல் தேர்தலில் நிற்கவில்லை. கொள்கைக்கு ஒப்புதல் தந்த உழைப்பாளர் கட்சியையும் காமன்வீல் கட்சியையும் ஆதரித்தது. நடந்தது என்ன? அன்றைய சென்னை மாநிலத்தில் காங்கிரசு 375ல் 152 இடங்களே பெற்றுத் தத்தளித்தபோது, காமன்வீல் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் இராசாசியின் அமைச்சரவையில் அமர்ந்தார். உழைப்பாளர் கட்சியின் இராமசாமிப் படையாட்சியார் 1954ல் காமராசரின் அமைச்சரவையில் அமர்ந்தார். வாக்களித்தவன் நின்ற இடத்திலேயே நின்றான். வாக்கு வாங்கியவர் நடந்துவிட்டார்! அணி மாறுதல் என்று வரும்போதெல்லாம் வாக்காளன் மேல் விரல் நீட்டுவது நம் நாட்டு வழக்கம். அந்த விரலைச் சற்று மேலே உயர்த்தலாம் என்பது நம் கருத்து. பெரியார் 1957, 1962, 1967 ஆகிய மூன்று தேர்தல்களிலும் காமராசரை ஆதரித்தார். கழகத்துக்கு எதிரில் நின்ற இராசாசி 1967ல் கழகத்தோடு கைகோத்தார். இவற்றுக்கெல்லாம் காரணங்கள் உண்டு, சிலவற்றை நாம் ஒப்பவும் செய்வோம். ஆனால் மாறியது எங்கே என்பது தெளிவு.

தேர்தலில் ஈடுபடுவதா என்ற கேள்வியைக் கழகம் 1956 மே திங்களில் திருச்சி மாநாட்டில் தொண்டர்களிடமே விட்டது. பந்தலுக்கு வந்தவர்கள் கையில் சீட்டு, எதிரே பெட்டிகள். ஈடுபட வேண்டும் என்று 56,942 பேரும், வேண்டாம் என்று 4,203 பேரும் சீட்டிட்டனர். முடிவு என்னவாயிருக்கும் என்பது முன்பே பலருக்கும் தெரிந்திருக்கும். நம்மைக் கவர்வது முடிவன்று. வாக்குச்சாவடிக்கே சென்றறியாத எத்தனையோ பேருக்கு, பெட்டியில் சீட்டிடுவது எப்படியிருக்கும் என்று அந்தப் பந்தல் காட்டிக்கொடுத்தது.

பின் வந்த மூன்று தேர்தல்களின் கணக்கைப் பொறுமையோடு பாருங்கள். 1957ல் மாநிலத்தில் வாக்களித்தோர் பாதிக்கும் குறைவு. 1962ல் நூற்றுக்கு எழுபது. 1967ல் எழுபத்தாறுக்கும் மேல். பத்தே ஆண்டுகளில் இவ்வளவு பெரிய ஏற்றம்! காங்கிரசுக்குக் கிடைத்த இடங்கள் 151, பிறகு 139, பிறகு 51. கழகத்துக்கு 15, பிறகு 50, பிறகு 137. இடங்களை மட்டும் பார்ப்பவர், காங்கிரசுக்கு வாக்களித்த மக்கள் அதைக் கைவிட்டு ஓடிவிட்டனர் என்றே எண்ணுவர். காங்கிரசு பெற்ற வாக்குகளைப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. 1957ல் ஏறத்தாழ 50 இலட்சம். 1962ல் 58 இலட்சத்துக்கு மேல். ஆட்சியை இழந்த 1967லோ 62 இலட்சத்தையும் தாண்டிற்று! தோற்ற ஆண்டில் வென்ற ஆண்டைவிட மிகுதியான வாக்கு! கழகம் 1962ல் பெற்றது 34 இலட்சம். 1967ல் காங்கிரசை எட்டிப்பிடிக்கும் அளவுக்கு 62 இலட்சம்.

மக்கள்தொகை பெருகிற்று, வாக்காளர் தொகையும் பெருகிற்று என்பது உண்மையே. அங்கொருவர் இங்கும், இங்கொருவர் அங்கும் மாறியிருப்பர் என்பதையும் மறுக்கவில்லை. 1967ல் எதிர்க்கட்சிகள் ஒன்றுபட்டதால் வாக்குகள் சிதறாமல் இடங்களாகத் திரண்டன. அதன் பங்கு பெரிது. ஆயினும் அடிப்படைச் செய்தி வேறு. காங்கிரசை நம்பியோர் பெரும்பாலும் நம்பிக்கொண்டே இருந்தனர். அதுவரை வராதிருந்தோர் வந்தனர். வாக்களிக்கும் வயது அன்று இருபத்தொன்று. 1965ல் இந்தி எதிர்ப்புப் போரில் தெருவுக்கு வந்த பத்தொன்பது வயது மாணவன் 1967ல் வாக்காளனாகிவிட்டான். விருதுநகரில் காமராசரை 1,285 வாக்குகளில் வென்ற சீனிவாசன், அப்போராட்டத்திலிருந்து வந்த மாணவர் தலைவர்.

வராதிருப்போரும் வரலாற்றை எழுதுகின்றனர் என்பதற்குத் தொலைவிலிருந்து ஒரு சான்று தருகிறோம். அவ்வளவு தொலைவும் அன்று; காஞ்சியிலிருந்து ஒரு காலைப் பயணத்தில் எட்டும் புதுச்சேரியில், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர் பிரான்சின் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கும் வழக்கம் உண்டு. அந்தத் தேர்தல் இரு சுற்றாக நடப்பது. முதற் சுற்றில் எவரும் பாதிக்கு மேல் பெறாவிடில், முன்னணியில் உள்ள இருவரே இரண்டாம் சுற்றில் மோதுவர். 2002 ஏப்ரல் 21ல் நடந்த முதற் சுற்றில், நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேர் வீட்டிலிருந்துவிட்டனர்; ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள்! தலைமை அமைச்சராயிருந்த சோசலிசக் கட்சியின் ழோசுபேன் எப்படியும் இரண்டாம் சுற்றுக்கு வந்துவிடுவார் என்று அவருடைய அன்பர்களே எண்ணியிருந்தனர். குடியேறியோர் மீது பகை வளர்த்த லெ பென், இரண்டு இலட்சத்துக்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டில் அவரை முந்திவிட்டார். திடுக்கிட்டெழுந்த நாடு அடுத்த சுற்றில் திரண்டு வந்து, நூற்றுக்கு எண்பத்திரண்டு என்ற அளவில் சிராக்கைத் தேர்ந்தது. சிராக்குக்கு வாக்களித்த இடதுசாரிகள் மனம் மாறியவரா? அல்லர். முதலில் வராமலிருந்துவிட்டு, பிறகு வேறு வழியின்றி வந்தவர்களும் அவர்களிடையே உண்டு. 2017ல் இன்னொரு புதுமை: இரண்டாம் சுற்றுக்கு வந்தவர்களில் 40 இலட்சம் பேர் வெற்றுச் சீட்டோ செல்லாச் சீட்டோ இட்டுச் சென்றனர். வந்தும் வராதவர்கள்!

காஞ்சிக்குத் திரும்புவோம். 1962 தேர்தல், நாம் மேலே சொன்ன கணக்கின்படி, வராதிருந்தோர் பெருந்திரளாக வரத் தொடங்கிய தேர்தல். கழகம் பதினைந்திலிருந்து ஐம்பதாக உயர்ந்தது. அதே தேர்தலில்தான், 1957ல் வென்ற பதினைவருள் தஞ்சைக்கு மாறி நின்ற கலைஞர் தவிர மற்றவர் அனைவரும் வீழ்ந்தனர். காஞ்சியில் அண்ணா, காங்கிரசின் நடேச முதலியாரிடம் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் தோற்றார்.

பணம் பாய்ந்தது என்று மேடைகளில் பேசினர். பேருந்து முதலாளி நின்ற தொகுதியில் பணம் பாயவில்லை என்று வாதிட நாம் முன்வரவில்லை. ஆனால் அந்த விளக்கத்தோடு அமைதியடைய நம்மால் இயலவில்லை. தறியை நிறுத்தி எழுந்து வந்தவன் 1957ல் அண்ணாவுக்கு வாக்களித்தபோது விழித்தெழுந்தவன்; 1962ல் வேறொருவருக்கு வாக்களித்தபோது விலைபோனவன் என்றால், நாம் அவனை எப்போதுமே மதிக்கவில்லை என்று பொருள். காமராசர் ஆட்சி ஊர்தோறும் பள்ளி திறந்தது, பகலுணவு தந்தது. நாடாவை வாங்கிக் கொடுக்க அருகில் நின்ற சிறுவன் சிலேட்டெடுத்துப் பள்ளிக்குப் போகவும் ஒரு வழி பிறந்தது. அதைக் கண்ட தாய் ஒருத்தி முதன்முறையாகச் சாவடிக்கு வந்து நன்றிக்கடன் செலுத்தியிருந்தால், அவளிடம் நாம் எந்தக் குறையைக் காண்பது? எழுந்து வரும் பழக்கத்தை ஊட்டிய கழகத்துக்கே அவள் வாக்களித்தாக வேண்டும் என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது? கதவைத் திறந்தவர் உள்ளே வருவோரின் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க இயலாது. கழகத்தாருள் பலருக்கு அன்று இது கசந்தது. அந்தக் கசப்பு விளங்குகிறது, ஆனால் வாக்காளன் மீது அது பாய்ந்திருக்க வேண்டியதில்லை.

அண்ணா தோல்வியை ஏற்றார். அவ்வாண்டே மாநிலங்களவைக்குச் சென்றார். காஞ்சியில் இருந்த வீடும் காஞ்சியோடு இருந்த உறவும் அப்படியே இருந்தன. 1967 வந்தது, கழகம் ஆட்சியைப் பிடித்தது. அந்தத் தேர்தலில் அண்ணா நின்றது காஞ்சியிலன்று. தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில். முதலமைச்சரான பின் சட்டமன்ற மேலவைக்கு உறுப்பினரானார். 1969 பிப்ரவரி 3ல் மறைந்தார். 1962ல் அவரைத் தோற்கடித்த காஞ்சி வாக்காளருக்கு, அவர் பெயர் அச்சிட்ட வாக்குச்சீட்டு மீண்டும் கைக்கு வரவேயில்லை.